பழைய காரை நாமே மின்சார காராக மாற்றினால் லாபமா? முலுண்டில் இருந்து ஒரு கணக்கு

முலுண்டில் உங்கள் ஹவுசிங் சொசைட்டி பார்க்கிங்கில் அப்பாவின் பழைய கார் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 வயது. பெட்ரோல் வண்டி. பாடி நன்றாக இருக்கிறது, இன்ஜின்தான் இருமுகிறது. விற்கப் போனால் டீலர் கேட்கும் விலை மனசை உடைக்கிறது. அந்த நேரத்தில் யூடியூபில் ஒரு வீடியோ: இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரையும் பேட்டரியையும் மாட்டி ஒருவர் ஜம்மென்று ஓட்டிக்கொண்டு போகிறார். "அட, இதை நாமும் செய்யலாமே!" என்று தோன்றும். இன்ஜினீயரிங் படித்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

மும்பையில் இந்தக் கேள்விக்கு இப்போது கூடுதல் அவசரம் உண்டு. 2025 ஜனவரியில், நகரின் காற்று மாசு குறித்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக விலக்கி, சிஎன்ஜி, மின்சார வண்டிகளை மட்டும் அனுமதிக்க முடியுமா என்று ஆராயச் சொன்னது. அதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி சுதிர் குமார் ஸ்ரீவஸ்தவா தலைமையில் 7 பேர் கொண்ட குழுவை மகாராஷ்டிர அரசு அமைத்தது. இது தடை உத்தரவு இல்லை, ஆய்வுதான். ஆனாலும் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கு வயிற்றில் லேசாகப் புளி கரைக்கும்.

சரி, கையால் ஒரு மின்சார கார் செய்தால் எவ்வளவு ஆகும்? போட்ட காசு திரும்பி வருமா? சட்டம் விடுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'5 ரூபாய்க்கு 60 கிலோமீட்டர்' உண்மையா?

கேரளாவின் கொல்லத்தில் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தன் சொந்தத் தேவைக்காக ஒரு குட்டி மின்சார காரைச் செய்து செய்திகளில் வந்தார். செலவு சுமார் 4.5 லட்சம் ரூபாய், ஒருமுறை சார்ஜ் செய்தால் 60 கி.மீ. ஓடும் என்று செய்திகள் சொன்னன. ஆனால் தலைப்பில் எல்லோரும் பார்த்தது வேறு: "5 ரூபாய்க்கு 60 கி.மீ."

இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. மிகச் சிறிய, எடை குறைந்த மின்சார காருக்குக்கூட ஒரு கிலோமீட்டருக்கு 60 முதல் 70 வாட் ஹவர் மின்சாரம் வேண்டும். 60 கி.மீ. என்றால் ஏறக்குறைய 4 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 40 ரூபாய். ஆக, தலைப்பு கொஞ்சம் தாராளம்தான். ஆனால் 40 ரூபாய் என்றாலும் பெட்ரோலோடு பார்த்தால் கொள்ளை மலிவு.

கவனிக்க வேண்டியது இன்னொரு எண்ணை: 4.5 லட்சம். மின்சார காரில் ஓட்டும் செலவு எப்போதுமே குறைவு. பணம் மொத்தமும் முன்கூட்டியே, முதல் நாளே கையை விட்டுப் போகிறது. அது எப்போது திரும்புகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கு 1: மாற்ற எவ்வளவு?

உங்கள் அலுவலகம் பிகேசியில் என்று வைப்போம். முலுண்டில் இருந்து போக 20, வர 20, மொத்தம் நாளுக்கு 40 கி.மீ. ஏசி, டிராஃபிக், பேட்டரி வயதாவது எல்லாவற்றையும் சேர்த்து, 80 கி.மீ. ரேஞ்ச் இருந்தால் நிம்மதி.

சிறிய ஹேட்ச்பேக் காரை மாற்றினால் கிலோமீட்டருக்கு சுமார் 120 வாட் ஹவர் பிடிக்கும். பேட்டரியை முழுசாக உறிஞ்சக் கூடாது, 80 சதவீதம்தான் பயன்படுத்த வேண்டும். அப்படியானால் 12 கிலோவாட் ஹவர் பேட்டரி தேவை.

கீழே உள்ளவை நாம் கணக்குக்காக வைத்துக்கொள்ளும் விலைகள். நீங்கள் விசாரித்த விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

• பேட்டரி: கிலோவாட் ஹவருக்கு 15,000 ரூபாய் வீதம் 1,80,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 2,12,400
• மோட்டார், கன்ட்ரோலர்: 1,20,000
• சார்ஜர், டிசி-டிசி கன்வர்ட்டர், கான்டாக்டர், ஃபியூஸ், உயர் மின்னழுத்த கேபிள்: 50,000
• மோட்டாரை கியர்பாக்ஸோடு இணைக்கும் தகடு, பேட்டரிப் பெட்டி, வெல்டிங், கூலி: 50,000
• பிரேக்குக்கு வாக்குவம் பம்ப், சஸ்பென்ஷன், டயர்: 40,000

கூட்டினால் 4,72,400 ரூபாய். இதில் யாரும் எழுதி வைக்காத ஒரு வரி உண்டு: தப்புச் செலவு. ஒரு கன்ட்ரோலர் எரியும், ஒரு தகடு அளவு தப்பும், குர்லாவுக்கும் லேமிங்டன் ரோட்டுக்கும் பத்து தடவை அலைய வேண்டி வரும். 10 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 5.2 லட்சம். காரின் விலை இதில் இல்லை. அது ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது. உங்கள் சனி, ஞாயிறுகளுக்கும் இதில் கூலி போடவில்லை.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

உலக அளவில் பேட்டரி விலை சரிந்துகொண்டே வருகிறது என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ப்ளூம்பெர்க்என்இஎஃப் கணக்குப்படி 2024-ல் பேட்டரி பேக்கின் உலக சராசரி விலை கிலோவாட் ஹவருக்கு 115 டாலர். ஏறக்குறைய 10,000 ரூபாய். ஆனால் அது லட்சக்கணக்கில் வாங்கும் கம்பெனிக்கான விலை. ஒரே ஒரு பேக் வாங்கப் போகிற நமக்குச் சில்லறை விலைதான்.

வரியும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஷோரூமில் முழு மின்சார கார் வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே காருக்குள் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். அதாவது, பழைய வண்டியைக் காப்பாற்ற நினைப்பவரைவிட புது வண்டி வாங்குபவருக்குத்தான் வரியில் சலுகை. 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்ட மானியமும் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள், பஸ், லாரி போன்றவற்றுக்குத்தான். தனியார் கார்களுக்கு இல்லை.

கணக்கு 2: எவ்வளவு மிச்சமாகும்?

மும்பையில் பெட்ரோல் லிட்டர் சுமார் 103 ரூபாய். நகர நெரிசலில் பழைய கார் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தால் கிலோமீட்டருக்கு 7.40 ரூபாய் ஆகிறது.

மின்சாரத்துக்கு 120 வாட் ஹவர். சார்ஜ் செய்யும்போது வீணாவதைச் சேர்த்தால் 0.14 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் 1.40 ரூபாய். ஆக, கிலோமீட்டருக்கு 6 ரூபாய் மிச்சம்.

வருடத்துக்கு 250 வேலை நாள், 10,000 கி.மீ. மிச்சம் 60,000 ரூபாய். ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக் செலவுகள் போனதற்கு இன்னொரு 8,000 சேர்த்தால் 68,000. 5.2 லட்சத்தை இதால் வகுத்தால், போட்ட காசு திரும்ப ஏழரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

இத்தோடு நிறுத்திவிட்டால் கணக்கு பாதிதான். அந்த 5.2 லட்சத்தை 6.5 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் வருடத்துக்கு 33,800 ரூபாய் வந்திருக்கும். அதைக் கழித்தால் உங்கள் உண்மையான மிச்சம் வருடத்துக்கு 34,000 சொச்சம்தான். அப்படிப் பார்த்தால் 15 ஆண்டு. 13 வயது காருக்கு 15 ஆண்டு காத்திருப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது.

மின்கட்டணத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. முலுண்டுக்கு மின்சாரம் தருவது மகாவிதரண். தாராவி, மாட்டுங்காவில் பெஸ்ட், செம்பூரில் அதானி அல்லது டாடா. ஆளுக்கொரு கட்டணம். மாதம் 120 யூனிட் போல வீட்டு பில்லில் ஏறினால் நீங்கள் அடுத்த ஸ்லாபுக்குத் தாவிவிடலாம். அங்கே யூனிட் விலை 10 ரூபாயில் நிற்காது. மின்வாகன சார்ஜிங்குக்கு மகாராஷ்டிராவில் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. தனி மீட்டர் பற்றி முதலில் விசாரித்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இங்கே முக்கியம். பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆனால் அதே பிரிவு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது: பேட்டரி உட்பட வேறு எரிசக்திக்கு மாற்றும் கிட் பொருத்துவதை, நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது.

அந்த நிபந்தனைகளில்தான் 'நானே செய்வேன்' என்ற ஆசை முட்டி நிற்கிறது. கிட், ஏஐஎஸ்-123 என்ற தரநிலைப்படி சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். புனேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தின் ஜிஏஆர்சி போன்ற மையங்கள்தான் இப்படிச் சோதனை செய்பவை. ஒப்புதல் பெறுவது கிட் தயாரிப்பவரின் வேலை; எந்த வகை வண்டிக்கு அந்த கிட் என்பதும் அதில் வரும். அங்கீகரிக்கப்பட்டவர் பொருத்திய பிறகு, ஆர்டிஓ பார்த்து பதிவுச் சான்றில் எரிபொருளை மாற்றிக் கொடுக்க வேண்டும். முலுண்ட் வண்டிகளுக்கு அது வடாலாவில் உள்ள மும்பை கிழக்கு ஆர்டிஓ, அதாவது எம்எச்-03.

ஒரு தனி மனிதர் தன் ஒரே ஒரு காருக்காக இந்தச் சோதனைகளைக் கடப்பது நடைமுறையில் கட்டுப்படியாகாது. அனுமதி இல்லாமல் மாற்றி ஓட்டினால்? 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"250 வாட் மோட்டார், 25 கி.மீ. வேகத்துக்குள் இருந்தால் பதிவே வேண்டாமாமே?" என்று நண்பர் சொல்லியிருப்பார். அது சின்ன இரு சக்கர வண்டிகளுக்கு. காருக்குப் பொருந்தாது.

2021 இறுதியில் மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் பழைய பாகங்களை வைத்து சுமார் 60,000 ரூபாயில் ஒரு குட்டி ஜீப் செய்தது ஞாபகம் இருக்கலாம். அது மின்சார வண்டி இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான். வீடியோ பார்த்து வியந்த ஆனந்த் மஹிந்திரா, இந்த வண்டி விதிகளுக்கு உட்படாததால் அதிகாரிகள் என்றாவது நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ தருவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் கொடுத்தும்விட்டார். நம் எல்லோருக்கும் பொலேரோ வராது.

தீப்பிடித்தால் யார் பொறுப்பு?

அபராதத்தைவிடப் பெரிய கேள்வி இதுதான். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்புத் தரநிலைகளை மத்திய அரசு கடுமையாக்கியது.

அது ஒரு ஸ்கூட்டர் பேட்டரி. நீங்கள் செய்யப் போவது அதைப் போல நாலைந்து மடங்கு பெரியது. அதுவும் உங்கள் தலைக்கு மேல் பல மாடிக் குடும்பங்கள் தூங்கும் கட்டடத்தின் கீழே. செல்களை வெல்டு செய்வதை யூடியூபில் கற்றுக்கொள்ளலாம். ஒரு செல் சூடானால் பக்கத்து செல்லுக்குப் பரவாமல் தடுப்பதை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது. பதிவுச் சான்றில் பெட்ரோல் என்று இருந்து, வண்டியில் பேட்டரி இருந்தால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க வழி கிடைத்துவிடும். சொசைட்டி செயலாளர் சார்ஜிங் பாயின்ட்டுக்கு என்ஓசி தரத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே காசுக்கு வேறு என்ன கிடைக்கும்?

சிஎன்ஜி: கிலோ 80 ரூபாய், கிலோவுக்கு 20 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். வருடம் 34,000 மிச்சம். கிட் செலவு 60,000 என்றாலும் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். உயர் நீதிமன்றம் ஆராயச் சொன்ன பட்டியலிலும் சிஎன்ஜிக்கு இடம் இருக்கிறது. ஆனால் காருக்கு ஆயுள் இன்னும் சில ஆண்டு இருந்தால்தான் இதுவும் லாபம். 15 ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய்.

புது மின்சார கார்: எம்ஜி காமெட் 2023-ல் 7.98 லட்சத்துக்கு அறிமுகமானது. 17 கிலோவாட் ஹவருக்கு மேல் பேட்டரி, ஏர்பேக், வாரன்ட்டி எல்லாம் உண்டு. 2024 செப்டம்பரில் பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் அதே கார் 4.99 லட்சத்துக்கு வந்தது. பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் தனி. நம் கையால் செய்யும் காரின் 5.2 லட்சத்தோடு இதை வைத்துப் பாருங்கள். மின்சாரத்தைச் சேர்த்தாலும் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் சுற்றுதான். மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை கி.மீ.க்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

பைக்: மாற்றுவது ஓரளவு வேலை செய்யும் இடம் இதுதான். நம் பக்கத்து ஊரான தானேயைச் சேர்ந்த கோகோஏ1 நிறுவனம், 2021-ல் ஹீரோ ஸ்ப்ளெண்டருக்கு ஆர்டிஓ ஒப்புதலுடன் கிட் கொண்டுவந்தது. கிட் 35,000 ரூபாய், பேட்டரி, வரி எல்லாம் சேர்த்தால் 95,000 வரை. சிறிய பேட்டரி, ஒரே மாடலில் லட்சக்கணக்கான வண்டிகள் என்பதால் ஒப்புதல் செலவைப் பலர் தலையில் பகிர முடிகிறது. கார்களில் அப்படி நடக்கவில்லை. ஹைதராபாத்தின் எட்ரியோ, ஆல்ட்டோ, வேகன்ஆர் கார்களை மாற்றித் தருவதில் தொடங்கி, பிறகு சரக்கு மூன்று சக்கர வண்டிகள் பக்கம் போய்விட்டது.

லோக்கல் ட்ரெயின்: இதைச் சொல்லாமல் விட்டால் முலுண்ட்வாசிகள் சிரிப்பார்கள். சீசன் பாஸை எந்தக் காராலும் ஜெயிக்க முடியாது.

சுற்றுச்சூழலுக்காவது நல்லதா?

ஆம், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. இந்திய மின்சாரத்தில் நிலக்கரியின் பங்குதான் அதிகம். ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நம் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.14 யூனிட் என்றால் சுமார் 100 கிராம். பெட்ரோலில் லிட்டருக்கு 2.3 கிலோ, 14 கி.மீ. என்றால் 165 கிராம். 40 சதவீதம் குறைகிறது. புகை உங்கள் தெருவில் வராது என்பதும் உண்மை. ஆனால் முழுசாக மறைந்துவிடாது. செம்பூரில் இருப்பவர்களைக் கேளுங்கள். டிராம்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அவர்களுக்கு ஜன்னல் காட்சி.

பழைய பாடியை மறுபடி பயன்படுத்துவதால் புதுக் கார் செய்யும்போது உண்டாகும் மாசு மிச்சமாகிறது. கையால் மாற்றுபவர்கள் சொல்லும் வாதங்களில் இதுதான் வலுவானது. விலையிலும் வரியிலும் அதற்கு இன்னும் மதிப்பு கிடைக்கவில்லை.

அப்படியென்றால் செய்யவே கூடாதா?

ஆசையை அடக்கச் சொல்லவில்லை. இந்தியாவின் மின்சார கார் வரலாறே சின்னப் பட்டறைகளில் இருந்து வந்ததுதான். கேரளாவின் சாலக்குடியைச் சேர்ந்த எடி கம்பெனி, ஜப்பானின் யஸ்காவாவோடு சேர்ந்து உருவாக்கிய லவ்பேர்ட் கார் 1993-ல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டது. கோயம்புத்தூரிலும் அது தயாரானது. விற்பனை சூடு பிடிக்கவில்லை. பெங்களூரின் ரேவா 2001-ல் வந்தது. லண்டன் தெருக்கள் வரை ஓடி, 2010-ல் மஹிந்திராவிடம் போனது. இரண்டுமே பேட்டரி விலையோடுதான் மல்லுக்கட்டின. உங்களுக்கும் அதே எதிரிதான்.

கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால், பொதுச் சாலைக்கு வராத வண்டியாகச் செய்யுங்கள். பவாய் ஐஐடி மாணவர்கள் ஆண்டுதோறும் மின்சார ரேஸ் கார் செய்கிறார்கள். கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் மின்சாரப் பிரிவு உண்டு. கோ-கார்ட் அளவில் தொடங்கினால் பேட்டரியும் சின்னது, ஆபத்தும் சின்னது, செலவும் லட்சத்தில் அடங்கும்.

காசு மிச்சப்படுத்தத்தான் என்றால், முடிவு எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. வருடத்துக்கு எத்தனை கி.மீ. ஓட்டுகிறீர்கள்? 10,000 என்றால் கட்டாது. டாக்ஸி, டெலிவரி மாதிரி 30,000 தாண்டினால் கணக்கு மாறும்.

2. உங்கள் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட் இருக்கிறதா? விற்பவரிடம் ஏஐஎஸ்-123 சான்றிதழைக் கேளுங்கள். "ஆர்டிஓவை நாங்க பாத்துக்கிறோம் சார்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

3. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சொசைட்டியும் எழுத்தில் சம்மதம் தருமா? வாய்மொழி வேண்டாம்.

மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அப்பாவின் காரை சிஎன்ஜியில் இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதோ, இன்றைக்கே நல்ல விலைக்கு விற்றுவிடுவதோ மேல். அந்த 5.2 லட்சம் வங்கியில் இருக்கட்டும். மூன்றுக்கும் 'ஆம்' என்றால், முதலில் பேட்டரிக்கு எழுத்தில் வாரன்ட்டி வாங்குங்கள். இன்ஜினில் ஸ்பேனர் வைப்பது அதற்குப் பிறகுதான்.